புகைக்குழாயைப் பார்க்கிறோம், தாங்கியைப் பார்ப்பதில்லை

வருடத்துக்கு ஒருமுறை நமது வாகனங்கள் பரீட்சை எழுதப் போகின்றன. புகைப் பரிசோதனை நிலையத்தில் வரிசையில் நிற்கிறோம். பின்புறக் குழாய்க்குள் ஒரு கருவியைச் செருகுகிறார்கள். கணினி அச்சிட்டுத் தரும் தாளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்தத் தாள் இல்லாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. 2008 ஆம் ஆண்டில் ஆரம்பமாகிப் படிப்படியாக நாடு முழுவதும் விரிந்த இந்தத் திட்டத்தை நான் குறை கூறப்போவதில்லை. கரும்புகை கக்கிக்கொண்டு ஓடிய பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் பின்னால் சைக்கிள் மிதித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அதன் பயன் எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தப் பரீட்சையில் கேட்கப்படாத ஒரு கேள்வி உண்டு. இயந்திரத்தை நிறுத்திய பின்னர், வீட்டு முற்றத்தில் வெயிலில் சும்மா நிற்கும் வாகனத்திலிருந்து என்ன வெளியேறுகிறது?

பெற்றோல் வாகனம் என்றால் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். டீசல் வாகனம் என்றால் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். இரண்டும் புகைக்குழாயின் வாயில் செய்யப்படும் அளவீடுகள். எரிபொருள் தாங்கி, அதன் மூடி, அதிலிருந்து இயந்திரம் வரை செல்லும் குழாய்கள் என்பவற்றை இந்தச் சோதனை அளப்பதில்லை. பெற்றோலோ எரிந்தால் மட்டும் காற்றில் கலக்கும் பொருளன்று. திறந்து வைத்தாலே ஆவியாகிவிடும். மன்னார் வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் கலைப் பட்டதாரி. பொறியியல் எனக்குத் தொழிலன்று. எனினும் முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தி சேகரித்த பழக்கத்தில், எங்கே, எப்போது, எப்படி என்று கேட்காமல் ஒரு விடயத்தை விட்டுவிட மனம் வருவதில்லை. தெரிந்த மெக்கானிக்குகளிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் வெயில் ஏறும்போது தாங்கியிலுள்ள பெற்றோல் சூடாகி ஆவி விரிகிறது. ஓடிக் களைத்த வாகனத்தை நிறுத்தியதும் இயந்திரத்தின் வெப்பம் சிறிது நேரம் அதே வேலையைச் செய்கிறது. பழைய வாகனங்களில் இந்த ஆவி மூடியிலுள்ள துவாரத்தின் வழியே நேரே வெளியே போயிற்று. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை மூடிய புகைமூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று கண்டபின், 1970 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து கலிபோர்னியாவிலும், 1971 இலிருந்து அந்நாடு முழுவதிலும் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதற்காகப் பொருத்தப்பட்டதுதான் கரி நிரப்பிய ஒரு பெட்டி. நமது கராஜ்களில் கனிஸ்டர் என்பார்கள். தாங்கியிலிருந்து வரும் ஆவியை அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். இயந்திரம் ஓடும்போது ஒரு வால்வு திறக்க, இயந்திரத்தின் உறிஞ்சும் விசை அந்த ஆவியை இழுத்துச் சென்று எரித்துவிடும். வீணாகப் போகவேண்டியது எரிபொருளாகத் திரும்புகிறது. எளிமையான ஏற்பாடு. வாகனத்தில் உள்ள நல்ல யோசனைகளில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

இந்த ஏற்பாடு மூடிய வழியாக இருந்தால்தான் வேலை செய்யும். எங்காவது ஓர் ஓட்டை விழுந்தால் கரிப்பெட்டி இருந்தும் பயன் குறைவு. அதனால்தான் அமெரிக்காவில் 1996 முதல் வாகனமே தன்னைத்தானே சோதித்து ஓட்டையை அறிவிக்கவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். முதலில் ஒரு மில்லிமீற்றர் அளவு ஓட்டை; 2000 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து படிப்படியாக அரை மில்லிமீற்றர். ஊசித் துவாரம் அளவுதான். அதைக் கண்டால் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனரைப் பொருத்தினால் பி 0442, பி 0455, பி 0456 என்று குறியீடு வரும். முதலாவது சிறிய கசிவு, இரண்டாவது பெரிய கசிவு, மூன்றாவது மிகச் சிறிய கசிவு.

இங்கேதான் நமது சிக்கல் ஆரம்பிக்கிறது. உலகின் எல்லா நாடுகளும் இந்தச் சுயசோதனையைக் கட்டாயமாக்கவில்லை. நமது நாட்டுக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தவை யப்பானில் ஓடிய பழைய கார்கள். அவற்றில் கரிப்பெட்டி இருக்கும். கசிவைச் சொல்லும் விளக்கு பெரும்பாலும் இருக்காது. ஆகவே கசிந்தாலும் வாகனம் வாய் திறக்காது. புகைப் பரிசோதனையும் கேட்காது. மிஞ்சுவது நம்முடைய மூக்கு மட்டுமே.

எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் காரை உதாரணமாகச் சொல்லலாம். மன்னார்த் தீவில் கடலுக்கு அருகே வீடு. விடிந்ததும் போர்ட்டிகோவில் பெற்றோல் மணம். தாங்கி நிரப்பிய மறுநாள் அது அதிகம். ஒரு கராஜில் பெற்றோல் பம்பை மாற்றினார்கள். மணம் போகவில்லை. இன்னொரு கராஜில் இயந்திரத்துக்குப் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார்கள். அப்போதும் போகவில்லை. மூன்றாவதாகப் பார்த்த ஓர் இளைஞர் எதையும் மாற்றவில்லை. பின்சில்லைக் கழற்றி, சேறு தடுக்கும் பிளாஸ்ரிக் மறைப்பை நீக்கி, நிரப்பு வாயிலிருந்து தாங்கிக்கு இறங்கும் இரும்புக் குழாயைக் காட்டினார். பிடிமானத் தகடு தொடும் இடத்தில் உப்புத்தூள் தேங்கி, துரு தின்று, குழாயில் சிறு துளை விழுந்திருந்தது. இத்தனைக்கும் அந்தக் கார் அதே வருடம் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்த கார். சான்றிதழ் பொய்யன்று. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

மன்னார் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990 இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 2010 இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே வாகனங்கள் தடையின்றி ஓடுகின்றன. இருபுறமும் நீர் கிடக்கும் அந்தத் தாம்போதி வீதியில் வீசும் காற்றில் உப்பு இருக்கிறது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் சிலாவத்துறையிலும் கதவுப் பிணைச்சல் எத்தனை வருடம் தாங்குகிறது என்பதை வீட்டுக்காரர் அறிவர். வாகனத்தின் அடிப்பகுதிக்கும் அதே கதிதான். மேலே பூச்சு மினுங்கும். கீழே குழாய் துருப்பிடிக்கும். வெயில் தன் பங்குக்கு றப்பர் குழாய்களைக் காய்ந்து வெடிக்கவைக்கிறது. இவற்றோடு 2020 மார்ச் முதல் ஏறக்குறைய ஐந்து வருடங்கள் தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் கதவு திறந்தபோதும் விலை நமக்கு எட்டும் உயரத்தில் இருக்கவில்லை. இருக்கும் வாகனத்தை இருக்கும்வரை ஓட்டுவது என்பதே நம்மில் பலரின் நிலை. வயதான வாகனம், உப்புக் காற்று, கடும் வெயில். கசிவு ஏற்படுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"காற்றாடிக்கு மேல் காற்றாடி நட்டிருக்கும் ஊரில், காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடாதா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. மன்னார் கொழும்பன்று. வாகன நெரிசலும் வெயிலும் சேர்ந்து ஓசோனை உண்டாக்கி நகரத்தை மூச்சுத்திணற வைக்கும் அபாயம் இங்கே குறைவு. பணக் கணக்கிலும் ஆவியாகப் போவது பெருந்தொகையன்று. அதை மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் காற்று அடிப்பது வெளியில். போர்ட்டிகோவுக்குள் அடிப்பதில்லை. ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி வாகனம், மறுபக்கம் சமையலறை என்று கட்டப்பட்ட வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழாமல் தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஒரு தீக்குச்சி போதும். அந்த ஆவியில் பென்சீன் கலந்திருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்திய பொருள் அது. இரவு முழுவதும் அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் வாகனத்தின் சொந்தக்காரர் மட்டுமல்லர். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம். பகல் முழுவதும் சுவாசிப்பவர்கள் கராஜில் வேலை பழகும் பொடியன்கள். கிறீஸ் படிந்த கையைப் பெற்றோலில் கழுவும் அந்தப் பிள்ளைகளைப் பற்றி எந்தச் சான்றிதழும் பேசுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெற்றோலின் அருமையை நம்மைவிட அதிகம் அறிந்த சமூகம் இந்த நாட்டில் இல்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலத்தில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பெருநிலப் பகுதிக்குப் பெற்றோல் போகவில்லை. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2002 இல் போர்நிறுத்தம் வந்த பின்னரே அந்த நிலை தளர்ந்தது. பின்னர் 2022. இம்முறை நாடு முழுவதும் வரிசையில் நின்றது. ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 470 ரூபா ஆயிற்று. கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். துளியை எண்ணிய மக்கள் நாம். வரிசை மறைந்ததும் அந்த எண்ணமும் மறைந்துவிட்டது. பெற்றோல் மணத்தை, வாகனம் என்றால் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டு வாழ்கிறோம்.

அப்படியானால் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? பொருளை மாற்றுவதற்கு முன்னர் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும் என்பதே முதல் விதி. மலிவானதிலிருந்து தொடங்கவேண்டும் என்பது இரண்டாவது.

முதலில் மூடி. அதன் றப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, தட்டையாகிவிட்டதா, மூடி இறுகும்போது 'கிளிக்' என்று சத்தம் வருகிறதா என்று பார்க்க யாருக்கும் காசு கொடுக்கவேண்டியதில்லை. கசிவுகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. அடுத்தது நிரப்புக் குழாய், குறிப்பாகச் சேறு தேங்கும் வளைவும் பிடிமானத் தகடும். அதற்கடுத்தது கரிப்பெட்டிக்குப் போகும் றப்பர் குழாய்களின் முனைகள். கையால் வளைத்தால் வெடிப்புத் தெரியும். பிறகு வால்வு. இயந்திரம் குளிர்ந்த நிலையில் மெதுவாக ஓடும்போது பெரும்பாலான வாகனங்களில் அது மூடியிருக்க வேண்டும். கரிப்பெட்டிப் பக்கத்துக் குழாயைக் கழற்றி விரலை வைத்தால் உறிஞ்சுகிறதா? உறிஞ்சினால் வால்வு சரியாக மூடவில்லை. பெற்றோல் நிரப்பிய உடன் வாகனம் எளிதில் உயிர்ப்பிக்க மறுப்பதும் அதே நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

இவற்றுக்கும் அகப்படாவிட்டால் புகை இயந்திரம் வேண்டும். கனிய எண்ணெயைச் சூடாக்கி வெண்புகையாக்கி, மிகக் குறைந்த அழுத்தத்தில் இந்தக் குழாய்களுக்குள் செலுத்தும் கருவி அது. எங்கே ஓட்டையோ அங்கே புகை எட்டிப்பார்க்கும். ஒரு ரோர்ச் லைற்றை அடித்துப் பார்த்தால் போதும். இதில் அழுத்தம்தான் முக்கியம். சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தலும் தேவையில்லை. ரயருக்குக் காற்றடிக்கும் குழாயை எடுத்துத் தாங்கிக்குள் அடித்துப் பார்ப்பதாகச் சிலர் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது முப்பது இறாத்தலுக்கும் மேற்பட்ட அழுத்தம். தாங்கியும் கரிப்பெட்டியும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. போதாக்குறைக்குப் பெற்றோல் ஆவியோடு காற்றைக் கலப்பது வெடிமருந்து தயாரிப்பதற்குச் சமம். அறிந்தவர்கள் காற்றுக்குப் பதிலாக நைதரசன் வாயுவைப் பயன்படுத்துவது அதற்காகத்தான். லைற்றரைக் கொளுத்தித் தேடுகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

புகைப் பரிசோதனை நிலையங்களில் தாங்கிப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வருடாந்தப் பரிசோதனையின்போது மூடியைக் கழற்றி ஒரு சிறு கருவியில் பொருத்தி, அழுத்தம் தாங்குகிறதா என்று பார்த்தார்கள். சில நிமிட வேலை. அதோடு அடிப்பகுதியில் ஒரு கண்ணோட்டம், மூக்கால் ஒரு சோதனை. அவ்வளவே நான் கேட்பது. அயலிலுள்ள இந்தியா 2017 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிஎஸ் 4 விதிகளில் மோட்டார் சைக்கிள்களின் ஆவி உமிழ்வுக்கும் எல்லை விதித்தது. கரிப்பெட்டி என்பது பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று இனிச் சொல்ல முடியாது.

இதைச் சொன்னவுடன் எழக்கூடிய எதிர்ப்பு எனக்குத் தெரியும். "இருக்கிற செலவு போதாதா? முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைப்பவனை இன்னொரு காரணம் காட்டித் திருப்பி அனுப்பப் போகிறீர்களா?" இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. மாவட்டத்தின் வருமான நிலையை அறிந்தே பேசுகிறேன். ஆகவே சித்தி, சித்தியின்மை என்று தீர்ப்பு வழங்கவேண்டாம் என்கிறேன். கசிவு கண்டால் தாளின் அடியில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: 'மூடியின் றப்பர் பழுது', 'நிரப்புக் குழாயில் துரு'. திரவமாகப் பெற்றோல் சொட்டும் வாகனத்தை மட்டும் நிறுத்துங்கள். அதைப் பயணிகளோடு வீதியில் விடுவது யாருக்கும் நன்மையன்று. மற்றவர்களுக்குத் தெரிவித்தால் போதும். எங்கே பழுது என்று எழுதிய தாளோடு கராஜுக்குப் போகிறவனிடம், தேவையில்லாத பம்பை யாரும் விற்க முடியாது. ஏழைக்கு இது செலவன்று, பாதுகாப்பு.

அடுத்தது நமது மெக்கானிக்குகள். அவர்களைக் குறைசொல்வது எளிது. தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் இயந்திரங்களை ஓடவைத்த கைகள் அவை. அந்தக் கைகளுக்குப் புதிய கருவியைக் கொடுத்தோமா, புதிய பாடத்தைச் சொன்னோமா என்பதே கேள்வி. மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கசிவு தேடுவதை ஒரு பாடமாக வையுங்கள். ஒவ்வொரு கராஜும் புகை இயந்திரம் வாங்க முடியாதென்றால், பல கராஜ்கள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். ஐஸ் போடவும் வலை வாங்கவும் கூட்டாகச் செயற்படும் மீனவர் சங்கங்கள் உள்ள கரையில் இந்த யோசனை அந்நியமானதன்று.

மூன்றாவது, பெற்றோல் நிரப்பும் இடம். குழாய் தானாக நின்ற பின்னரும், கணக்கை முழு ரூபாவாக்குவதற்காக இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆவிக்காக விட்ட இடத்தில் திரவம் ஏறினால் அது கரிப்பெட்டிக்குள் போகிறது. நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. கரித்துகள் உடைந்து வால்வுக்குள்ளும் போய் அடைக்கலாம். பத்து ரூபாவைச் சரிக்கட்டப் போய் ஒரு பெட்டியையே கெடுத்துக்கொள்கிறோம். குழாய் நின்றால் நிறுத்துங்கள் என்று நாமே சொல்லவேண்டும். ஊழியருக்கு அதில் வருத்தமிராது.

2025 இல் காற்றாலைத் திட்டத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். மண்ணையும் காற்றையும் பற்றி இவ்வளவு பேசிய மாவட்டம் அண்மைக் காலத்தில் வேறில்லை. பெரிய நிறுவனங்களிடம் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்கவும் வேண்டும். அதே கண்ணோடு நமது முற்றத்தில் நிற்பதையும் பார்க்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

இதை வாசிப்பவர்களில் வாகனம் வைத்திருப்போர் நாளை காலை, வெயில் ஏறுமுன், பெற்றோல் மூடியைக் கழற்றி அந்தக் கறுப்பு வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். வளையம் நன்றாக இருந்தும் மணம் வந்தால், எதையும் மாற்றச் சம்மதிப்பதற்கு முன்னர் "எங்கே கசிகிறது என்று காட்டுங்கள்" என்று கராஜில் கேளுங்கள். அடுத்த தடவை புகைப் பரிசோதனைக்குப் போகும்போது, தாங்கியையும் பார்ப்பீர்களா என்று அங்கேயும் கேட்டு வையுங்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள். பலர் கேட்டால் ஒருநாள் மேலிடத்துக்கும் அது கேட்கும்.